செய்தியும் மனமும்: நோய்ப்பரவல் காலத்தில் செய்திகளை எப்படிப் பார்ப்பது?

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் அப்போது நோய்ப்பரவல் விழிப்புநிலையைக் காட்டிய ‘டோர்ஸ்கான்’ மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டது. அன்றுவரை நாட்டில் கிருமித்தொற்று உறுதியானவர்கள் மொத்தம் 33 பேர். அன்று மாலையே பேரங்காடிகளில் கூட்டம் அலைமோதியது. அரிசி, உடனடி நூடல்ஸ், கழிவறைத் தாள் இருந்த அடுக்குகள் காலியாயின. காலி அடுக்குகளின் படங்கள் கைப்பேசியில் பரவின. படத்தைப் பார்த்தவர்களும் கிளம்பி வந்து வரிசையில் நின்றார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 பிப்ரவரி 22 அன்று, ஒரே நாளில் 26,032 பேருக்குத் தொற்று உறுதியானது. அன்றும் டோர்ஸ்கான் ஆரஞ்சுதான். ஆனால் அரிசி வாங்க யாரும் ஓடவில்லை. எண்ணைப் பார்த்தோம், வீட்டில் ஏஆர்டி பரிசோதனைக் கருவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம், வேலைக்குப் போனோம்.

இதற்கு நல்ல காரணங்கள் உண்டு. 2022-க்குள் மக்களில் பத்தில் ஒன்பது பேர் தடுப்பூசி போட்டிருந்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் இலேசாகவே வந்துபோனது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பயம் எண்ணைப் பின்பற்றி ஏறி இறங்கவில்லை. செய்தி எவ்வளவு புதிதாக, எவ்வளவு அடிக்கடி, எந்தச் சொற்களில், யாருடைய வாயிலாக வந்தது என்பதைப் பின்பற்றியே அது ஏறி இறங்கியது. அடுத்த நோய்ப்பரவல் வரும்போது இதைத் தெரிந்து வைத்திருப்பது நமக்கு உதவும்.

பயப்பட்டவர்கள் முட்டாள்கள் அல்லர்

வரிசையில் நின்றவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஆரஞ்சு என்ற சொல்லை அன்று ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிக் கேட்டிருக்கும்? நோய் கடுமையானது, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் தொற்றக்கூடியது, ஆனால் இங்கு பரவலாகப் பரவவில்லை, கட்டுக்குள் வைக்கப்பட்டு வருகிறது என்பதே ஆரஞ்சின் பொருளாக இருந்தது. அந்தக் கடைசிப் பகுதி பலர் காதில் விழவில்லை. மஞ்சளுக்கு மேல் ஆரஞ்சு, ஆரஞ்சுக்கு மேல் சிவப்பு என்பது மட்டுமே விழுந்தது. 2009-இல் எச்1என்1 சளிக்காய்ச்சல் வந்தபோதும் இதே ஆரஞ்சு அறிவிக்கப்பட்டது என்பது 2020-இல் பலருக்கு நினைவில் இல்லை. நினைவில் நின்றது 2003-இன் சார்ஸ். இங்கு 238 பேருக்குத் தொற்றி, 33 உயிர்களைக் கொண்டுபோன நோய் அது.

மனித மூளை ஆபத்தைக் கணக்குப் போட்டு அளப்பதில்லை. ஒரு சம்பவத்தின் உதாரணம் எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறதோ, அந்த அளவுக்கு அது அடிக்கடி நடக்கக்கூடியது என்று நினைத்துக்கொள்கிறது. அமோஸ் டிவர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-இல் இதை விளக்கினார்கள். மருத்துவமனைப் படுக்கையில் மூச்சுத் திணறும் ஒருவரின் காட்சியை ஒரே நாளில் இருபது முறை பார்த்தால், மூளை அதை இருபது நோயாளிகளாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் அது ஒரே மனிதர், ஒரே காட்சி.

இதன் மறுபக்கமும் உண்டு. அதே 2020-இல் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. அதுவரை எந்த ஆண்டிலும் இத்தனை பேருக்கு வந்ததில்லை. அந்த ஆண்டு டெங்கிக்குப் பயந்து தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேர்? பூச்சட்டித் தட்டில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்தும் பேசாமல் கடந்துபோனவர்களே அதிகம். பழகிப்போன நோய் தலைப்புச் செய்தி ஆவதில்லை. தலைப்பில் இல்லாததை மனமும் ஆபத்தாகக் கருதுவதில்லை. ஆகவே செய்தி நம் பயத்தைக் கூட்டுகிறது என்பது பாதி உண்மைதான். எங்கே பயப்பட வேண்டும் என்று அது சுட்டிக்காட்டுகிறது. சில நேரம் அந்தச் சுட்டுவிரல் தப்பான திசையிலும் நீளும்.

அளவு கூடினால் என்ன ஆகிறது?

1997-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று குழுவினருக்கு 14 நிமிடத் தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பைக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு நல்ல செய்திகள், இன்னொன்றுக்கு நல்லதும் கெட்டதும் இல்லாதவை, மூன்றாவதற்குக் கெட்ட செய்திகள். கெட்ட செய்தி பார்த்தவர்களுக்குப் பதற்றமும் சோகமும் கூடின. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்கள் தங்கள் சொந்தக் கவலைகளையும் பெரிதுபடுத்தி நினைக்கத் தொடங்கினார்கள். செய்திக்கும் அந்தக் கவலைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நோய்ப்பரவலின்போது இரவுச் செய்தி பார்த்து முடித்த கையோடு வீட்டில் பிள்ளையின் தேர்வு மதிப்பெண் பற்றிச் சண்டை வந்திருந்தால், அந்தச் சண்டையில் செய்திக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

இன்னோர் ஆய்வு 2014-இல் வந்தது. இது நோயைப் பற்றியதல்ல. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நெட்டோட்டத்தில் நடந்த குண்டுவெடிப்பைப் பற்றியது. ஆனாலும் நமக்குப் பாடம் உண்டு. சம்பவத்துக்குப் பிந்திய வாரத்தில் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அதுபற்றிய செய்திகளைப் பார்த்தவர்களிடம், சம்பவ இடத்தோடு நேரடித் தொடர்பு இருந்தவர்களைவிட அதிக மன உளைச்சல் காணப்பட்டது. அதே ஆய்வாளர்கள் 2019-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். அதிகம் செய்தி பார்ப்பவர் அதிகம் கவலைப்படுகிறார். அதிகம் கவலைப்படுபவர் அடுத்த அசம்பாவிதத்தின்போது இன்னும் அதிகம் செய்தி பார்க்கிறார். செக்கு மாட்டைப் போல ஒரே வட்டத்தில் சுற்றுகிறோம்.

ஆகவே “செய்தி பார்த்ததால்தான் பயம் வந்தது” என்றோ “பயந்தவர்கள்தான் செய்தி பார்க்கிறார்கள்” என்றோ ஒரு பக்கமாகச் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் அறுத்தால் போதும். பயத்தை நேரடியாக அறுப்பது கடினம். தொலைக்காட்சியை அணைப்பது அதைவிட எளிது.

சொற்களின் எடை

இந்தக் கட்டுரையை எழுதுபவரின் அன்றாட வேலை மொழிபெயர்ப்பு. நோய்ப்பரவல் காலத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் ஓர் அறிவிப்பைத் தமிழில் தரும்போது, தகவல் மாறாமலேயே பயத்தின் அளவு மாறிவிடும். அதற்குச் சில உதாரணங்கள்.

ஒருவர் நோயால் இறந்தார் என்பதைத் தமிழ்ச் செய்திகள் ‘பலி’ என்று எழுதுவது வழக்கம். ‘இருவர் பலி’ என்பது தலைப்புக்குச் சுருக்கமாக இருக்கிறது, எழுத்து மிச்சமாகிறது. ஆனால் பலி என்றால் காவு. யாரோ பிடித்துக் கொடுத்தது போன்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கோரத்தாண்டவம்’, ‘ஆட்டிப்படைக்கிறது’ போன்றவை கிருமிக்குக் கையும் காலும் கொடுத்துவிடுகின்றன. கையும் காலும் உள்ளதை யாராலும் சோப்புப் போட்டுக் கழுவிவிட முடியாது என்றே மனம் நினைக்கும்.

இன்னொன்று ‘தனிமைப்படுத்துதல்’. நோய் மற்றவருக்குப் பரவாமல் இருக்க ஒருவரைச் சில நாள்கள் பிரித்து வைப்பதற்கு நாம் எல்லாருமே பயன்படுத்தும் சொல். சரியான சொல்தான். ஆனால் ஒரு மூதாட்டியின் காதில் ‘தனிமை’ என்று விழும்போது, யாரும் வரமாட்டார்கள், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றுதான் விழுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அப்படி ஓர் உத்தரவு வந்தால் சொல்லை மாற்றிச் சொல்லுங்கள். “இத்தனை நாள் தனி அறையில் இருக்கணும் பாட்டி, சாப்பாடு வாசலுக்கு வரும், ராத்திரி எட்டு மணிக்கு நான் போனில் வருவேன்.” இதில் தனிமை என்ற சொல்லே இல்லை. செய்ய வேண்டியது எல்லாம் இருக்கிறது.

நீங்கள் படிக்கும் செய்தியில் ஒரு சொல் வயிற்றைப் புரட்டினால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தகவல் மிச்சம் இருந்தால் அது செய்தி. ஒன்றும் மிச்சமில்லையென்றால் அதைப் பிறருக்கு அனுப்ப வேண்டிய அவசியமில்லை.

ஒரே எண், வெவ்வேறு வீடுகள்

2020 ஏப்ரல் 20 அன்று 1,426 பேருக்குத் தொற்று உறுதியானதாக அறிவிக்கப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கும் விடுதிகளில் வசித்த வெளிநாட்டு ஊழியர்கள். அப்போது தினசரி அறிவிப்பில் விடுதிகளின் எண்ணிக்கை தனியாகவும் சமூகத்தின் எண்ணிக்கை தனியாகவும் தரப்பட்டது. நோய் எங்கே, எவ்வாறு பரவுகிறது என்று அறிய அந்தப் பிரிவு தேவைப்பட்டது. வீவக வீட்டில் இருந்த பலர் முதல் எண்ணைப் பார்த்துத் திகைத்து, இரண்டாம் எண்ணைப் பார்த்து மூச்சு விட்டார்கள்.

ஆனால் அந்த விடுதிகளில் இருந்தவர்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். ஊரில் இருந்த தாய்மாருக்கு “பெரும்பாலும் விடுதிகளில்தான்” என்ற வரி ஆறுதலாகவா இருந்திருக்கும்? விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்து அதே செய்தியைக் கைப்பேசியில் படித்த இளைஞருக்கு அது என்னவாக இருந்திருக்கும்? விடுதிகளில் பெரும்பாலோருக்கு நோய் இலேசாகவே இருந்தது என்ற தகவல் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள், எண் போய்ச் சேர்ந்துவிட்டது. எண்ணைச் சொல்லும்போது அது யாருடைய பிள்ளையைப் பற்றியது என்பதையும் யோசித்துப் பேசுவது நல்லது. மின்தூக்கியில் பேசும் பேச்சுக்கும் இது பொருந்தும்.

பயம் எப்போதும் பயமாகவே வெளிப்படுவதில்லை; சில நேரம் ஒதுக்குதலாக வெளிப்படும். சார்ஸ் காலத்திலும் 2020-இலும் சீருடையில் பேருந்து, ரயிலில் ஏறிய தாதியர் சிலரின் பக்கத்திலிருந்து மக்கள் விலகிச் சென்றார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரையே நோயாகப் பார்த்தது அந்தப் பயம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் செய்தி ஒரு நாட்டிலிருந்து வருவதில்லை. வசந்தம், ஒலி 96.8, தமிழ் முரசு ஒரு பக்கம். தமிழகத்து ஒளிவழிகள் மறுபக்கம். ஜொகூரில் இருக்கும் அத்தை அனுப்பும் குரல்பதிவு இன்னொரு பக்கம். தமிழகத்து ஊரடங்கு விதியை இங்குள்ள விதி என்று நினைத்துக் குழம்பிய பெரியவர்கள் உண்டு. தகவலைப் பார்த்தவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது எந்த ஊர்?

2021 ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் இது வேறு மாதிரி வலித்தது. இந்தியாவில் ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. உயிர்வாயு உருளைக்காக அலையும் குடும்பங்கள், மயானங்களில் வரிசை. ஏப்ரல் 23 இரவிலிருந்து, அண்மையில் இந்தியா சென்றிருந்த நீண்டகால அனுமதி அட்டைதாரர்களும் குறுகியகால வருகையாளர்களும் சிங்கப்பூருக்குள் வர அனுமதி நிறுத்தப்பட்டது. அப்படி அனுமதி அட்டையில் இருந்தவர்கள் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. பெற்றவர் இறந்தும் முகம் பார்க்க முடியாமல், கைப்பேசித் திரையில் இறுதிச்சடங்கு பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் “செய்தி பார்ப்பதைக் குறையுங்கள்” என்று மட்டும் சொல்வது போதாது. அவர்கள் பயம் செய்தியால் ஊதிப் பெருக்கப்பட்டதல்ல, துக்கம். துக்கத்துக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆள். செய்தியைக் குறைப்பது அதற்குப் பிறகுதான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்ட மனநல ஆலோசனையில், செய்தியை நாளுக்கு ஓரிரு முறை, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பார்க்கும்படி கூறியது. நம் நாட்டு அனுபவத்திலும் அது பொருந்துகிறது. நோய்ப்பரவல் உச்சத்தில் இருந்தபோது சுகாதார அமைச்சின் எண்ணிக்கை பகலில் ஒரு முறை தொடக்க விவரமாகவும், இரவில் முழு விவரமாகவும் வந்தது. இடையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. கிடைத்தது பழைய எண்ணும் புதிய படபடப்பும். ஆகவே அதிகாரபூர்வ அறிவிப்பு எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டு அந்த நேரத்தில் பாருங்கள். படுக்கப் போகும் நேரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் நாள் முழுதும் தொலைக்காட்சி ஓடுவது சில பெரியவர்களுக்குத் துணை. அதை அணைக்கச் சொன்னால் வீடே வெறிச்சோடிப்போகும். அணைக்க வேண்டாம், ஒளிவழியை மாற்றிக் கொடுங்கள். செய்தி நேரம் முடிந்ததும் நாடகமோ பழைய பாட்டோ ஓடட்டும்.

எண்ணைப் படிக்கும்போது, அது எத்தனை பேரில் என்று கேளுங்கள். நூறு பேரைச் சோதித்து ஐவருக்கு இருப்பதும், பத்தாயிரம் பேரைச் சோதித்து ஐவருக்கு இருப்பதும் ஒன்றல்ல. இன்றைய எண் இன்று தொற்றியவர்களின் எண் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். சில நாள்களுக்கு முன்பு தொற்றி, இன்று உறுதியானவர்கள் அவர்கள். அதனால்தான் கட்டுப்பாடு விதித்த மறுநாளே எண் குறைவதில்லை. அதைப் பார்த்து “ஒன்றும் பலிக்கவில்லை” என்று சோர்ந்துபோக வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுதான் மிகக் கடினம், ஏனென்றால் அது தெரிந்த குரலில் வருகிறது. மாமா சொன்னால் பொய்யாக இருக்குமா? மாமா பொய் சொல்லவில்லை. மாமாவுக்கு யாரோ அனுப்பினார்கள். 2020 ஜனவரி இறுதியில், இந்நோயால் சிங்கப்பூரில் ஒருவர் இறந்துவிட்டதாக ஒரு தகவல் பரவியது. அது பொய். இங்கு முதல் இரு மரணங்கள் நேர்ந்தது மார்ச் 21-இல். அந்த ஆண்டு பிப்ரவரியில் உலகச் சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் அதானோம் கேப்ரியேசஸ், நோய்த்தொற்றோடு தகவல்தொற்றையும் எதிர்த்துப் போராடுகிறோம் என்ற கருத்தைச் சொன்னார். உறவினரைத் திருத்த வேண்டிவந்தால் குடும்பக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் செய்யாதீர்கள். தனியாக அழைத்து, “மாமா, நீங்க அனுப்பினதை அமைச்சின் இணையத்தளத்தில் தேடினேன், அப்படி எதுவும் இல்லை” என்று சொன்னால் அவரே நீக்கிவிடுவார். பெரும்பாலும் நீக்கிவிடுவார்.

பிள்ளைகளிடம் விளக்கம் சொல்லத் தொடங்குமுன், அவர்கள் என்ன கேள்விப்பட்டார்கள் என்று கேளுங்கள். பள்ளியில் யாரோ சொன்ன ஒன்றை மூன்று நாளாக மனத்தில் வைத்திருப்பார்கள். அது நீங்கள் விளக்க நினைத்ததாக இருக்காது.

எந்தச் செய்தியைப் படித்து முடித்தாலும், இதனால் இன்று நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்று பாருங்கள். தடுப்பூசிக்குப் பதிவு செய்வதோ, முகக்கவசம் எடுத்துவைப்பதோ, அம்மாவின் மருந்து இரண்டு வாரத்துக்கு இருக்கிறதா என்று பார்ப்பதோ இருந்தால் உடனே செய்யுங்கள். ஒன்றும் இல்லையென்றால் கைப்பேசியைக் கீழே வைத்துவிடலாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

நோய்ப்பரவல் காலத்தில் சில நாள் கவலைப்படுவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டைவிட்டு வெளியே போகவே தயக்கம், கையைத் தோல் புண்ணாகும் அளவு கழுவுகிறார், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால் காத்திருக்க வேண்டாம். ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று நம் பெரியவர்கள் சொல்வது அரிது. நெஞ்சு படபடப்பு, தலைப்பாரம், வயிற்றில் ஏதோ செய்கிறது என்றுதான் சொல்வார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ இதைச் சொல்லலாம். தேசிய மனநல உதவி எண் 1771-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் சிங்கப்பூர் அபயக்கரச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். பெரியவருக்கு மொழி தடையாக இருந்தால், வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்திக் கொடுத்து, அவர் சொல்வதை எடுத்துச் சொல்லி உதவலாம்.